மிக்ஸி ஜாரும் மாநில எல்லையும்

நாங்கள் இங்கே குடிவந்த நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் மிக்ஸி ஜாரோடு எங்கள் வாசலில் நின்றாள். ஜாருக்குள் தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் இரண்டு பச்சை மிளகாயும் கிடந்தன. “உங்க வூட்ல கரண்ட்டு இருக்குதாக்கா?” என்று கேட்டாள். “இருக்கு” என்றேன். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் மிக்ஸியில் தன் ஜாரை வைத்துத் திருகிப் பார்த்தாள், உட்காரவில்லை. “வேற கம்பெனியா?” என்று உச்சுக்கொட்டினாள். கழுவிக் கவிழ்த்திருந்த என் ஜாரை எடுத்து, எல்லாவற்றையும் அதில் கொட்டி, என் உப்பைப் போட்டு, என் தண்ணீரை விட்டு அரைத்தாள். ஒரு கரண்டி சட்னியை என் கிண்ணத்தில் வைத்துவிட்டு, “எட்டு மணிக்கு கம்பெனி வண்டி வந்துடும், வரேங்க்கா” என்று கிளம்பிவிட்டாள். பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் அந்தச் சட்னியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

சங்கரன்கோவில் பக்கம் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கும், என்னைப் போல ஊரைவிட்டு வந்து எங்கெங்கோ கிடக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நானும் புலம்பெயர்ந்தவள்தான். தோஹாவில் இருக்கும் என் தம்பி கேட்டால் சிரிப்பான். பஸ் ஏறிப் போகிற இடமெல்லாம் வெளிநாடா என்பான். இருக்கட்டும். என் கணவருக்குப் புதுச்சேரியில் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, வில்லியனூரைத் தாண்டி வயலுக்கு நடுவே புதிதாகப் போட்ட நகரில் வீடெடுத்து வந்தபோது, நான் ஒரு மாநிலத்தைவிட்டு வெளியேறித்தான் வந்தேன். இங்கே பஞ்சாயத்துக்குப் பெயர் கொம்யூன். வண்டி நம்பர் வேறு, ரேஷன் கார்டு வேறு. நவம்பர் முதல் தேதி கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறார்கள். அது விடுதலை நாளாம், நாமெல்லாம் ஆகஸ்டிலேயே கொண்டாடி முடித்த விஷயம். பால்காரர் தொடங்கி எல்லோருக்கும் நான் ‘மதுரைக்கார அக்கா’. மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு மூன்று மணி நேரம் போக வேண்டும் என்று பால்காரரிடம் விளக்கிப் பார்த்தேன். “அதாங்க்கா, மதுர பக்கம்” என்று முடித்துவிட்டார். திருச்சிக்கு அந்தாண்டை உள்ள உலகம் முழுவதும் இவர்களுக்கு மதுரைதான்.

சட்னி மர்மத்தை அவிழ்த்தவர் பக்கத்து வீட்டு மேரியக்கா. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்ப்பவர் என்பதால் எல்லை விவகாரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. கோடு, கல் எதுவும் கிடையாது; நாய் படுத்திருக்கும், அவ்வளவுதான். கிழக்கு வரிசை ஏழு வீடும் புதுச்சேரி, மேற்கு வரிசை ஏழும் தமிழ்நாடு. மழைக்காலத்தில் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி விடுமுறை விட்டுவிட்டால், யூனிஃபார்மோடு குடைபிடித்துப் போகிறவர்களை எதிர்வாசலில் டவுசரோடு நிற்பவர்கள் கைதட்டி வழியனுப்புவார்கள். கரண்ட்டும் அப்படியே. எங்கள் பக்கம் பாண்டி லைன், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு லைன். பராமரிப்புக்காக நிறுத்துவதும் காற்றில் கிளை விழுந்து போவதும் தனித்தனியாகத்தான் நடக்கும். அதனால் தெருவே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. கரண்ட் போனால் ஜாரை எடுத்துக்கொண்டு நேர் எதிர்வீட்டுக்குப் போய்விட வேண்டும். ‘கரண்ட்டு இருக்குதா’ என்று கேட்பது ஒரு மரியாதைக்கு. அரைத்ததில் ஒரு கரண்டி அந்த வீட்டுக்கு. ஜார் பொருந்த வேண்டுமே என்று எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே கம்பெனி மிக்ஸியாகப் பார்த்து வாங்குகிறார்கள். எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது மிக்ஸியையும் கொண்டுபோய்விட்டார்கள் என்பது மட்டும் ஜாரோடு வந்த எதிர்வீட்டுக் கலாவுக்கு அன்றைக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டு வளர்ப்பு இதற்கு நேர் எதிர். “அடுத்த வீட்டு வாசல்ல போயி நின்னுராத” என்பதுதான் அம்மா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருமுறை, மாவுக்கு ஊறப்போட்ட பிறகு போன கரண்ட் மறுநாள்வரை வரவில்லை. அடுத்த தெருவில் அத்தை வீட்டில் கரண்ட் இருந்தது. சொந்த அத்தை. போய் அரைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே செத்தது. ஊறின அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு வேளை ஊற்றினாள். உளுந்தை என்ன செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, யாரிடமும் போய் நிற்காத குடும்பம் என்ற பெருமையோடு பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பெருமையைத்தான் பெட்டியில் மடித்து இங்கேயும் கொண்டுவந்திருந்தேன்.

ஆகவே எங்கள் பக்கம் முதல் தடவை கரண்ட் போனபோது, ஜாரோடு வாசல்படி வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். நான்காம் முறை கலாவே பார்த்துவிட்டாள். உள்ளே போய் நின்று, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்கிற தோரணையில் ஏதோ சொன்னேன். “இன்னாக்கா, கோர்ட்டுல வந்து நிக்கிற மாதிரி நிக்கற? அரைச்சிக்கினு போ” என்றாள். சட்னி அரைபடும் ஐந்து நிமிடத்தில் அவள் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் குடும்பம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். கலா இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மருந்து டியூப்களைப் பெட்டியில் அடுக்குகிறாள். “இந்த நகரே நான் எங்கம்மாகூட களையெடுத்த கழனிதாங்க்கா. உன் கிச்சன் இருக்குதே, அங்கதான் வரப்பு” என்றாள். அதற்குப் பிறகு கரண்ட் போகாதா என்று நான் காத்திருக்கத் தொடங்கினேன். கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வாய்விட்டுப் பேச அவளைத் தவிர எனக்கு ஒரு ஆள் கிடையாது. என் பழைய மிக்ஸி புகைந்து உயிரைவிட்டதும், அவள் வீட்டில் இருக்கும் அதே கம்பெனியாகத் தேடி வாங்கினேன். என் ஜார் அவள் மிக்ஸியில் ‘டக்’கென்று உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை, சிரிப்பார்.

அப்படி இருந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தேன். தீபாவளி போனஸ் வந்ததும் இன்வெர்ட்டர் வாங்கினேன். மாட்ட வந்தவர், லைட்டுக்கும் ஃபேனுக்கும் சின்னது போதும் என்றார். “மிக்ஸியும் ஓடணும்” என்று பிடிவாதமாகப் பெரியதாக வாங்கினேன். அன்றைக்கே கலாவிடம் ஓடிப்போய், “இனிமே என்னால ஒனக்குத் தொந்தரவே இருக்காது கலா” என்றேன். மனதார, அன்போடு, அவளுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுபோகிற மாதிரி சொன்னேன். “ஓ” என்றாள். பிறகு, “நல்லதுக்கா” என்றாள். அந்த ‘ஓ’ எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வரிசையில் கரண்ட் போயிற்று. ஆறு வீட்டுப் பெண்கள் ஜாரோடு தெருவைக் கடந்தார்கள். ஏழாம் வீட்டில் நான் மிக்ஸியை முழு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து அவர்கள் பக்கம் போயிற்று. கலாவுக்காகக் கதவைத் திறந்துவைத்து, காப்பிக்குப் பாலைக்கூடச் சுடவைத்தேன். அவள் ஜாரோடு வந்தாள். என் வாசலைத் தாண்டி மேரியக்கா வீட்டுக்குள் போனாள். என்னைப் பார்த்தாள், சிரித்தாள். “நல்லா இருக்கீங்களாக்கா?” என்றாள். ‘நீ வா போ’ என்று பேசிக்கொண்டிருந்தவள் ‘நீங்க’ என்றதும் உள்ளே போய்ப் பாலை இறக்கிவைத்துவிட்டேன். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். விட்டுவிட முடியாமல் மறுநாள் கம்பெனி வண்டியருகே போய், “எங்க வீட்ல இப்ப எப்பவும் கரண்ட் இருக்கும், எப்ப வேணும்னாலும் வா கலா” என்றேன். வண்டிக்குள் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “பரவால்லிங்க்கா” என்று ஏறிப் போய்விட்டாள். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘இன்வெர்ட்டர் வூடு’ என்று பெயர் விழுந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

மேரியக்காவுக்கு மட்டும் தெரிந்தது. கறிவேப்பிலை பறிக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். நான் கொட்டித் தீர்த்தேன். வா என்று கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாளே, நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

“ஏன்டி, நீ அவ வூட்டுக்குப் போவ மாட்டேன்னுட்ட. அப்பறம் அவ மட்டும் எப்டி உன் வூட்டுக்கு வருவா? அவளுக்கு வெக்கமா இருக்காதா?” என்றார். “நான் போக மாட்டேன்னு எப்பக்கா சொன்னேன்?” என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கறிவேப்பிலையோடு போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கொடுக்கத் தயாராக இருந்தேன், வாங்கத்தான் மனம் வரவில்லை. எங்கள் ஊரில் அதற்குக் கௌரவம் என்று பெயர். இந்தத் தெருவில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது போலிருக்கிறது.

அடுத்த முறை எங்கள் பக்கம் கரண்ட்டை நிறுத்தியது ஒரு சனிக்கிழமை காலை. கலாவுக்கு விடுமுறை, என் கணவருக்கும் விடுமுறை. அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்டது. தேங்காயையும் சீரகத்தையும் ஜாரில் போட்டு எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தெருவைக் கடந்தேன். கலா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“கரண்ட்டு இருக்கா கலா?” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஜாரைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் ஃபேன் சுற்றும் என் வீட்டைப் பார்த்தாள். “உங்க வூட்ல இருக்குதேக்கா” என்றாள். “இன்வெர்ட்டர்ல மிக்ஸி ஓடமாட்டேங்கி” என்றேன். “போன தபா ஓடுச்சே. சத்தம் கேட்டுச்சே.” “அன்னைக்கு ஓடிச்சி. இன்னைக்கு ஓடல” என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சுட்டது. கலா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். எவ்வளவு நேரம் துடைத்தாள் என்று கேட்காதீர்கள். “செரி, வா” என்றாள்.

வா என்றாள், வாங்க இல்லை. நான் அவளுக்கு முன்னால் சமையலறைக்குப் போய் ஜாரைப் பொருத்தினேன். சுவிட்சைப் போடப் போகும் நேரம் பார்த்து எங்கள் வீட்டு மனிதர் வாசலுக்கு வந்து தெருவே அதிரக் கத்தினார்: “ஏட்டி, ஜாரத் தூக்கிட்டு எங்க போன? நம்ம வீட்லதான் கரண்ட் இருக்கில்லா!” நான் கண்ணை மூடிக்கொண்டேன். கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “அண்ணா, உங்க வூட்டு கரண்ட்டு தேங்காய்க்கு ஒத்துக்கலயாம்ணா! அக்கா இங்கதான் அரைக்கும்!” நாலு வாசலில் சிரிப்புக் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூடியைச் சரியாகப் பிடிக்காமல் சுவிட்சைப் போட்டு, அவள் சுவரெல்லாம் தேங்காயாக்கினேன்.

அதைத் துடைத்துவிட்டு மறுபடி அரைக்கும்போது ஜன்னல் வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தேன். இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் என் தமிழ்நாட்டு ரேஷன் கார்டின்படி நான் அப்போது சொந்த மாநிலத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே, அயல் மாநிலத்தில், நான் தைத்த திரைச்சீலையோடு ஒரு வீடு நின்றது. வாசலில் ஒரு மனிதர் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். “சரி, எப்பதான் வீட்டுக்கு வருவ?” என்று அங்கிருந்து கேட்டார். “வீட்லதாங்க இருக்கேன்!” என்று கத்திவிட்டேன். எந்த வீட்டைச் சொன்னேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் அன்றைக்கு யோசிக்கவில்லை.