அப்பா விழுங்கிய பல்

அப்பாவுக்கு முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள். ரோஜா நிறத் தகடு, இருபுறமும் கம்பிக் கொக்கி. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் அவர் ஃபோர்மன். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவரிடம் நடுங்குவார்கள்.

ஒரு திங்கட்கிழமை பல் இல்லாமல் வீடு வந்தார். கழுவும்போது சாக்கடையில் விழுந்துவிட்டது என்றார். அம்மா நம்பினாள், சோற்றைக் குழைய வடித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாந்தி பச்சையாக வந்தது. வயிறு கல்லாக உப்பியது, காற்றுகூடப் பிரியவில்லை. டவுன்ஷிப் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அம்மாவும் நானும் ஆம்புலன்ஸில் கூடப் போனோம். அந்த ஊரில் பேசுவது உருதும் தெலுங்கும்; அம்மாவுக்கு இரண்டும் வராது. பத்தாம் வகுப்பு படித்த நான்தான் பேச வேண்டும்.

சர்ஜன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அடிவயிற்றின் வலப்பக்கம் இரண்டு கொக்கிகள் தெரிந்தன.

"பல்செட்டை விழுங்கிவிட்டீர்களா?" என்று உருதுவில் கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு, "ஹவ்" என்றார். அந்த ஊர் உருதுவில் ஆமாம் என்று அர்த்தம்.

படத்தில் கொக்கிகளைப் பார்த்த அம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"சாக்கடையில விழுந்துச்சுன்னீங்களே?"

"மாத்திரை போட்டுத் தண்ணி குடிச்சேன். கூடவே உள்ள போயிருச்சு. தானா வெளிய வந்துரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீ பக்கத்து வீட்ல சொல்லுவ. அந்த வீட்டுக்காரரு ஃபாக்டரில சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க."

அம்மா ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்ட காகிதத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

குடலில் கொக்கி மாட்டி, அந்த இடம் புண்ணாகி அடைத்திருந்தது. ஒரு சாண் நீளம் வெட்டியெடுத்துத் தைத்தார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் கை விரித்திருப்போம் என்று சர்ஜன் என்னிடம் சொன்னார். "என்ன சொல்றார்?" என்று அம்மா கேட்டாள். நல்லபடியாக முடிந்ததாம் என்றேன்.

அப்பா வீடு திரும்பிய மறுநாள், பயிற்சிக்கு வருகிறவர்கள் நான்கு பேர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். என்ன ஆச்சு சார் என்று தெலுங்கில் கேட்டார்கள்.

"குடல்ல அடைப்பு" என்று அப்பாவும் தெலுங்கில் சொன்னார். அதற்குமேல் போகவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

அவர்கள் போனபிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மூணு நாள் என் எதுக்க உக்காந்து சாப்பிட்டீங்க."

அப்பா தலையாட்டினார்.