நான் தளர்த்திய பின் பிரேக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் நின்றிருந்த பேரனின் மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்கை நான் வேண்டுமென்றே தளர்த்தி வைத்தேன். அதனால் இரண்டு பேருடைய வாழ்க்கை கெட்டது. ஒருவன் என் பேரன். இன்னொருவன் அன்று மதியம்தான் அந்த வண்டியை சர்வீஸ் செய்து கொடுத்த மெக்கானிக்.

மகளும் மருமகனும் மேல்மலையனூர் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கல்லூரிப் படிப்புக்காகப் பேரனை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவனுக்கு வீலிங் பைத்தியம், முன் சக்கரத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவது. விழுப்புரம் போகும் சாலையோரம் மனை போட்டு, கல் நட்டு, விற்காமல் முள் மண்டிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே தார் ரோடு மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். ஞாயிறு விடிந்தால் அங்கே போய்விடுவான். சாவியை ஒளித்து வைத்தேன், வேறு சாவி செய்துகொண்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். முன் சக்கரத்தைத் தூக்குவது பெரிய விஷயமில்லையாம். உயரே ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே வண்டி முன்னாலும் விழாது, பின்னாலும் சாயாது. பயத்தில் அதற்கு முன்பே இறக்கிவிடுகிறானாம். "அதத் தாண்டிட்டா தாத்தா, அப்போ இன்னா பண்ணணும்னா…" என்றான். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஈர்ப்பு மையத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, பால் வாங்கப் போன இடத்தில் எதிர்வீட்டுக்காரர் எல்லோர் முன்னிலும் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, பேரன் ஒத்த சக்கரத்துலதான் போறானாமே, இன்னொண்ண வித்துட்டீங்களா?" சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வாசலில் வண்டி நின்றிருந்தது. பின் சக்கரத்துப் பிரேக் கம்பியின் நுனியில் இருக்கும் நட்டைக் கையாலேயே திருகலாம். நன்றாகத் தளர்த்தினேன். தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துகொள்வான், ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை இருக்காது, ஒருநாளாவது வீட்டில் கிடப்பான் என்பதுதான் என் கணக்கு. முன் பிரேக் இருக்கிறதே, ஆபத்தில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை. விடியற்காலை வெறும் சாலையில் முன் பிரேக்கை வைத்தே அந்த மனையிடம் வரை போயிருக்கிறான். நேற்று சர்வீஸ் ஆன வண்டி என்பதால் சோதித்தும் பார்க்கவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில், இடுப்பில் அறுவை முடிந்து கண் விழித்தபோது சொன்னான். "அன்னிக்கிதான் தாத்தா அந்த எடம் கெடச்சுது. கொஞ்சம் தாண்டிடுச்சு. பிரேக்க மிதிச்சேன். கால் பாட்டுக்கு உள்ள போய்க்கினே இருந்துச்சு." பின்னால் சாயும் வண்டியைக் கீழே இறக்குவது பின் பிரேக் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்ல வந்ததும் அதுதான்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மருமகன் உறவுக்காரர்களோடு மெக்கானிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த மெக்கானிக் என்னிடம் படித்தவன், பிரம்மதேசம் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து கடை போட்டவன். நடுத்தெருவில் அவனை அறைந்தார்கள். கை அவ்வளவு சுலபமாக ஓங்கியதற்கு அவன் எந்தத் தெருக்காரன் என்பதும் ஒரு காரணம், அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். "போதும், விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நான். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்தான். "டைட் பண்ணேன்னுதான் சார் நெனச்சேன். மன்னிச்சிடுங்க" என்றான். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு அவனிடம் யாரும் வண்டி விடவில்லை. கடையை மூடிவிட்டு விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான்.

போன வருடம், சாய்ந்து சாய்ந்து நடக்கும் பேரனோடு அந்த மூடிய கடையைக் கடந்தபோது, "அந்த அண்ணன் மேல எனக்கு இன்னும் கோவமே வர்ல தாத்தா" என்றான். மறுநாள் காலை விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

பட்டறையில் அவன் மட்டும் இருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "நானே விட்டுட்டேன்னுதான் சார் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். எந்த வண்டி வந்தாலும் ரெண்டு தபா பாக்கறேன். லேட்டாவுதுன்னு ஓனர் திட்றாரு" என்றான். துணியை உதறிப் போட்டுவிட்டு, "அடிச்சது தெருவுல சார். நீங்க சொல்றது யாரும் இல்லாத நேரத்துல" என்றான்.

திரும்பி வந்து, அவனை அடித்த அதே தெருவில், டீக்கடையில் கூட்டம் இருந்த நேரத்தில் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மருமகனுக்குப் போன் போட்டு, போய் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். "இப்போ எதுக்கு மாமா இதெல்லாம் கிளறிக்கினு" என்று போனை வைத்துவிட்டார். மெக்கானிக் திண்டிவனத்துக்குத் திரும்பவில்லை.

பேரனிடம் சொன்ன நாளிலிருந்து அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை. அவன் மட்டும் விழுப்புரம் போய் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று மகளும் வந்திருந்தாள். சமையலறையில் அவளிடம் சொன்னது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "உண்மை தெரிஞ்ச பொறவும் அந்த அண்ணன் ரெண்டு தபாதான்மா பாக்குது. கை பழகிப்போச்சாம்."

யார் மேல் குற்றம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் ஒரு நிமிடத்தில் தளர்த்திவிட்டுப் போன நட்டை, அவன் இன்னமும் ஒவ்வொரு வண்டியிலும் முறுக்கிக்கொண்டிருக்கிறான்.