செருப்பில்லாத காரிடார்

பர் துபாயில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில், எந்த வீட்டில் எத்தனை பேர் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, யார் இரவு டூட்டி, யார் வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறார், எல்லாம் அங்கேயே கிடக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கணவன், மனைவி என்று இரண்டு பேர் இருப்பார்கள். வாசலில் ஒரு சிறிய கல்யாண மண்டபமே கழற்றிப் போட்டிருக்கும்.

நான் ஒரு கம்பெனியில் மந்தூப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மந்தூப் என்றால், அரசு அலுவலகங்களுக்குக் கம்பெனியின் காகிதங்களைச் சுமந்துகொண்டு அலைபவன். விசா, லேபர் கார்டு, மருத்துவப் பரிசோதனை, ரத்து, மறுபடி விசா. மற்றவர்களுடைய கஃபீலை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்பவரை, பற்றி அத்தனை வருடம் கவலைப்பட்டதற்குப் பலனாக, இப்போது என் சொந்த மகனே எனக்குக் கஃபீல். அவன் அபுதாபியில் இருக்கிறான். நானும் மனைவியும் இங்கே. பழக்கம் விடவில்லை. காலையில் ஆங்கிலப் பேப்பரை வாசித்து, உள்ளூர் செய்திகளில் நம் ஆட்களுக்கு வேண்டியதைத் தமிழில் எழுதி, கட்டடத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். இந்த மாதம் பெட்ரோல் விலை, பெருநாள் விடுமுறையில் எந்தெந்த நாள் பார்க்கிங் இலவசம், மழை எச்சரிக்கை, மெட்ரோ ஓடும் நேரம். யாராவது 'ஃபார்வர்ட்' ஒன்றை அனுப்பினால் அது பொய்யென்று அடியில் எழுதுவதும் என் வேலைதான். பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். குழுவில் கும்பிடு போடும் படம் நிறைய வரும். நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் போட்ட செய்தி இது: ஒப்பந்தத்தில் பதிவு செய்யாத ஆட்களை வீட்டில் தங்கவைத்தால் அபராதம், முனிசிபாலிட்டி ஆய்வு தொடங்கியிருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்களிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று ஒரு வரி நானாகச் சேர்த்தேன். அன்று ஒரு கும்பிடுகூட வரவில்லை. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கப் போகலாம் என்று கதவைத் திறந்தேன். எங்கள் மாடியின் காரிடார் துடைத்துவிட்டது போல இருந்தது. எங்கள் இரண்டு ஜோடியைத் தவிர ஒரு செருப்பு இல்லை.

எதிர்வீட்டு வாசல் காலியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. அங்கே கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி குடியிருந்தாள். என் மனைவிக்குச் சர்க்கரை பார்ப்பதும், மாத்திரையைத் தவறவிட்டால் திட்டுவதும் அவள்தான். கணவனுக்கு ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலையில் வேலை. வார நாட்களில் அங்கே கம்பெனி கேம்ப்பில் தங்கல், வாரக் கடைசியில் மட்டும் அவன் ஷூ இங்கே தெரியும். சில வாரங்களாக இன்னும் இரண்டு ஜோடி பெண்கள் செருப்பு சேர்ந்திருந்தது. ஊரில் அவளுடைய சர்ச் பங்கையே சேர்ந்த இரண்டு இளம் நர்ஸுகள். விசிட் விசாவில் வந்து, இங்கே வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கச் சொன்னால் அவர்கள் போக இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, முன்பின் தெரியாதவர்கள் பலகைத் தடுப்புக்குள் வாடகைக்கு விடும் கட்டில். மற்றது ஊர். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னாள், மனைவி என்னிடம் சொன்னாள்.

செருப்புகள் உள்ளே போனதும் சந்தேகம் வெளியே வந்தது. யார் காட்டிக்கொடுப்பார்கள்? எனக்கு மூன்று பேர் மேல் கண். முதலாவது நாத்தூர், அதாவது வாட்ச்மேன். குப்பைப் பைகளை எடுக்கும்போது எந்தக் கதவுக்கு எத்தனை பை என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறான் என்பது என் எண்ணம். இரண்டாவது, காரிடார் கோடியில் புதிதாகக் குடிவந்த ஆள். சேலத்துப் பக்கம், தனி ஆள், கம்ப்யூட்டர் வேலை. வந்த நாளிலிருந்து ஒருநாளும் செருப்பை வெளியே விட்டதில்லை. நம் ஆள் ஒருவன் செருப்பை உள்ளே கழற்றுகிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? மூன்றாவது, தலையில் ஹெல்மெட்டோடு வந்து கதவுகளைப் போனில் படம் எடுத்துப் போகும் ஒருவன். அவனைக் கதவின் லென்ஸ் வழியாக நானே பார்த்தேன்.

மறுமுறை வந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். யார், எந்த அலுவலகம், அட்டை எங்கே என்று இந்தியில் கேட்டேன். பயந்துபோய் போனை நீட்டினான். படத்தில் எங்கள் கதவும் அதன் கீழே ஒரு அட்டைப்பெட்டியும். பொருளைக் கொடுத்ததற்கு ஆதாரமாகப் படம் அனுப்பச் சொல்கிறார்கள் என்றான். பெட்டிக்குள் என் மனைவி வரவழைத்த முறுக்கு அச்சு இருந்தது.

"ஆபீஸ்ல இருந்தப்பவாவது சந்தேகப்படுததுக்குச் சம்பளம் குடுத்தாங்க," என்றாள் அவள். "இப்ப ஓசியிலயே பாக்கீங்க."

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிக்கக் கட்டட அலுவலகத்து மேலாளர் வந்தார். ஹைதராபாத்காரர். பல வருடமாக இந்த மாடிகளில் ஏறி இறங்குபவர். லிஃப்டிலிருந்து வெளியே கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கருவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கீழ்மாடியில் செருப்பு மிதிபடாமல் நடக்க முடியவில்லை, மேல்மாடியிலும் அப்படித்தான், உங்கள் மாடிக்கு மட்டும் என்ன ஆயிற்று, எல்லாரும் லீவில் போய்விட்டார்களா என்று உருதுவில் என்னைக் கேட்டார். நான் சுத்தம் பற்றி ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் நம்பவில்லை. வருகிற திங்கட்கிழமை உரிமையாளரின் ஆளையும் கூட்டிவந்து இந்த மாடியில் ஒவ்வொரு வீடாகப் பார்க்கப்போவதாகச் சொன்னார். மற்ற மாடிகளுக்கு அவசரமில்லையாம்.

பதினைந்து ஜோடிச் செருப்பு சொல்லாததை வெறும் தரை சொல்லிவிட்டது.

எனக்கு நடைமுறை தெரியும். கூடத் தங்குபவர்களை ஒப்பந்தத்தில் சேர்த்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. வீட்டில் இடம் இருக்க வேண்டும், உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். எதிர்வீடு இரண்டு படுக்கையறை உள்ளது. இடத்துக்குக் குறைவில்லை. கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்பதற்கும் ஒரு நேரம் உண்டு. ஆய்வுக்கு முன்னால் கொடுத்தால் அது விண்ணப்பம், பின்னால் கொடுத்தால் வாக்குமூலம். திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் காலை நர்ஸ் இரவு டூட்டி முடிந்து வந்த சத்தம் கேட்டு எதிர்க்கதவைத் தட்டினேன். கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. உள்ளே யாரோ அவசரமாக அறைக்குள் போய்த் தாழிடும் ஓசை.

"என்ன அங்கிள்?"

மேலாளர் சொன்னதைச் சொன்னேன். அந்த இரண்டு பெண்களின் பெயரையும் பதிவு செய்யச் சம்மதம் கேட்டு நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம், நானே எழுதுகிறேன், பாஸ்போர்ட், விசா நகல் மட்டும் போதும் என்றேன்.

"எந்த ரெண்டு பேரு?" என்றாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை வருடமும் கவுண்டரில் நின்ற என் வேலையே இந்த மாதிரி முகங்களோடுதான். ஆனால் என்னைப் பார்த்து அந்த முகம் எதற்கு என்பதுதான் புரியவில்லை. புரியவில்லை என்று அவளிடமே சொன்னேன்.

உள்ளே அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சங்கிலியை எடுக்காமலே சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க அங்கிள். நாங்க செருப்ப உள்ள எடுத்து வெச்சது முனிசிபாலிட்டிக்குப் பயந்து இல்ல. ஒங்களுக்குப் பயந்துதான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். செக்கிங் வரப்போகிறது என்று எல்லாருக்கும் முன்பே எனக்குத் தெரிகிறது. எந்த நாள் எந்த ஆபீஸ் மூடியிருக்கும் என்பதுகூடத் தெரிகிறது. எந்நேரமும் என் கதவின் லென்ஸுக்குப் பின்னால் நிழல் ஆடுகிறது. டெலிவரிப் பையனிடம் அட்டை கேட்டு மிரட்டியதை மாடியே கேட்டிருக்கிறது. மேலாளரும் லிஃப்டைவிட்டு இறங்கியதும் என்னிடம்தான் பேசினார். அத்தோடு, வாசல் செருப்புகளைப் பார்த்து நான் உதட்டை அசைக்கிறேனாம். கோடிவீட்டு சேலத்துக்காரர் குடிவந்த அன்றே இதைக் கவனித்துவிட்டாராம். எதற்கு வம்பு என்றுதான் அவர் செருப்பை உள்ளே வைத்துக்கொண்டாராம். நாத்தூரும் அதையேதான் சொல்கிறானாம்.

அப்படியானால் என்னைப் பற்றிய சந்தேகத்தில் நாத்தூரும் சேர்த்தி. அவன் எண்ணுவதாக நான் நினைத்தேன். நான் எண்ணுவதாக அவன் நினைத்தான். என்னிடம் வேலைக்குச் சேர வந்திருந்தால் அத்தனை பேரையும் எடுத்திருப்பேன், அவ்வளவு கவனம்.

அதற்குள் என் மனைவி பின்னால் வந்து நின்றுவிட்டாள். நர்ஸ் தன் கணவனைக் கேட்கிறேன் என்று போனை எடுத்தாள். களைப்பில் கை தவறியதோ, வேண்டுமென்றுதானோ, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ராஸ் அல் கைமாவிலிருந்து அவன் குரல் காரிடார் முழுக்கக் கேட்டது.

"அந்தக் கெழவன நம்பலாமாடி?"

"ஸ்பீக்கர்ல கெடக்கு," என்றாள் அவள்.

அந்தப் பக்கம் ஏதோ லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வணக்கம் அங்கிள்," என்றான்.

பதில் என் மனைவி சொன்னாள். "இந்தாப்பா, இவரு எல்லாரையும் சந்தேகப்படுவாரு. அதுல நீயும் உண்டு, நானும் உண்டு. ஆனா காட்டிக் குடுக்கணும்னா ஆபீஸ் வரைக்கும் நடந்து போவணும்லா? முழங்காலு எங்க விடுது?"

சங்கிலி விழுந்தது அந்தப் பேச்சுக்குத்தான். என்னுடைய அனுபவமும் நற்பெயரும் செய்யாத வேலையை முழங்கால்வலி செய்தது.

மறுநாள் காலை அந்த முழங்காலோடு கட்டட அலுவலகத்துக்கு நானும் நர்ஸும் போனோம். அவள் இரவு டூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்வி. நாமே போய்ச் சொன்னால் நம்மை நாமே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆகலாம் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, குறைந்தபட்சம் விண்ணப்பதாரர்களிடம்.

மேலாளர் வாசித்தார். இரண்டு பேரும் பெண்களா என்றார். ஆம். நர்ஸுகளா? லைசென்ஸ் வந்ததும் ஆவார்கள். வீட்டில் பலகைத் தடுப்பு ஏதும் உண்டா? இல்லை. உரிமையாளருக்குப் போன் போட்டு அரபியில் இரண்டு வாக்கியம் பேசினார். அதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. வீடு பெரியது, பெண்கள், மருத்துவமனை என்றார். அந்தப் பக்கம் 'கலாஸ்' என்று ஒரு சொல். முடிந்துவிட்டது. சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பேனே, உங்கள் மாடியில் யாரும் எதுவும் கேட்பதே இல்லையே என்றார்.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த சம்மதத்தை நான் நம்பவில்லை. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதிவு முடிந்து இரண்டு பேர் பெயரும் நர்ஸின் போனில் தெரிந்த பிறகும், திங்கட்கிழமை தாண்டட்டும் என்றுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தார்கள். மேலாளரும், கையில் டேப்லெட்டோடு உரிமையாளரின் ஆளும். நர்ஸ் வீட்டுக் கதவை இந்தத் தடவை அந்தப் பெண்களில் ஒருத்தியே திறந்தாள், கையில் தேர்வுப் புத்தகத்தோடு. பெயரைக் கேட்டார்கள், டேப்லெட்டைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். கோடிவீட்டு சேலத்துக்காரர் நிஜமாகவே தனி ஆள்தான். என் வீட்டில்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள். ஒப்பந்தம் மகன் பெயரில் இருக்கிறது, மகன் அபுதாபியில் இருக்கிறான், அப்படியானால் நீங்கள் இருவரும் யார் என்று கேட்டார்கள். நாங்கள் இருவரும் பதிவாகியிருக்கிறோமா என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. மகன் செய்திருப்பான் என்று இருந்துவிட்டேன். செய்திருக்கிறான். என் மனைவி மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் வெளியே பேச்சுக்குரல் கேட்டு, வழக்கம்போல லென்ஸில் கண்ணை வைத்தேன். எதிர்வாசலில் நர்ஸும் அந்த இரண்டு பெண்களும் செருப்புகளை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாரநாள்தான், இருந்தாலும் கணவனின் பழைய ஷூவும் வந்திருந்தது. ஒரு பெண் தன் செருப்பைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்தாள். நர்ஸ் அதைக் காலாலேயே நடுவுக்குத் தள்ளினாள். பிறகு நேராக என் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லாத் தெரியுத மாதிரி வைய்யி மக்கா. அங்கிள் எண்ணணும்லா."