தங்கை பெயரில் ஒட்டிய சொல்

கமருன்னிசா தலாக் ஆகி காரைக்காலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் படித்தாள். விட்டவன் உடனே மறுகல்யாணம் செய்துகொண்டான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2005-இல் நெய்னா முகம்மதுவின் திருமணத் தகவல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். துபாய்ப் பையன்கள் இணையத்தில் பெண் பார்க்கத் தொடங்கிய காலம். வீடுகளிலிருந்து வரும் குறிப்புகளைப் பிரித்து இணையப் பக்கமாக மாற்ற, பெர்ல் என்ற கணினி மொழியில் அவளே ஒரு நிரல் எழுதினாள். தங்கை உம்மு சல்மாவின் குறிப்பையும் அதில் ஏற்றினாள்.

மாதக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை. "மூத்தவ வந்து குந்திக்கிட்டா, எளையவள எவன் கேப்பான்?" என்று உம்மா கரித்துக்கொட்டினாள். கடைசியில் வந்த ஒரே போன், பேரப்பிள்ளை எடுத்த ஒருவருக்காக. "ஒங்க பொண்ணும் தலாக் ஆனவங்கதானே, அதான் கேட்டோம்" என்றார்கள்.

கமருன்னிசா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சல்மா பெயருக்குக் கீழே 'தலாக் ஆனவர்' என்றிருந்தது.

தேடியது கிடைத்தால், பிடித்ததை பெர்ல் $1 என்ற இடத்தில் வைக்கும். கிடைக்காவிட்டால் அதைக் காலி செய்யாது. முன்பு பிடித்தது அப்படியே கிடக்கும். சல்மாவின் குறிப்பில் அக்கா தலாக் ஆனவர் என்று ஒரு வரி இருந்தது; நிரல் முதலில் அந்த அக்காவின் திருமண நிலையைத் தேடிப் பிடித்தது. அடுத்து பெண்ணின் திருமண நிலையைத் தேடியது. முதல் கல்யாணப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் அந்த வரியே எழுத மாட்டார்கள்; எழுதுவது அவமானம். கிடைத்ததா என்று கேட்காமலே கமருன்னிசா $1-ஐ எடுத்துப் போட்டிருந்தாள். அவளுடைய தலாக் தங்கை தலையில் விழுந்தது.

கிடைத்தால் மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். சரியாகிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

"அக்கான்னு ஒரு வரி இருக்கப்போயித்தானே இந்த வம்பு? அத எடுத்துடு. வூட்டுக்கு ஒரே பொண்ணுன்னு போடு" என்றாள் உம்மா.

"அப்ப நான் யாரும்மா?"

உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சல்மாவும் பின்னாலேயே போனாள். அதுதான் கமருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தாள்.

கீழக்கரையிலிருந்து நல்ல இடம் வந்தது. அவர்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. நிக்காஹ் அன்று பந்தியில் ஓடியாடிப் பரிமாறிக்கொண்டிருந்த கமருன்னிசாவைக் காட்டி, "இது யாரும்மா?" என்று மாமியார் கேட்டார். உம்மா தடுமாறினாள். சல்மா தடுமாறவில்லை.

"ஒத்தாசைக்கு வந்தவங்க, மாமி" என்றாள்.