நுனி கிள்ளாத கிறேஸ்

சாம்பல்தீவில் கொப்பு முறித்து நடுகிறவர்களைக் கிறேஸ் மனிதராகவே மதிப்பதில்லை. பூச்செடி என்றால் விதை போட்டு முளைக்க வைக்கவேண்டும். அடுத்தவள் வீட்டு வேலிக்குள் கையை விட்டு ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு போய் மண்ணில் குத்துவது வளர்ப்பே இல்லை, பிச்சை என்பாள். அதிலும் கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்று ஊர்ப் பெண்கள் நம்புவது அவளுக்கு எரிச்சலைக் கிளப்பும். இருபத்தாறு வருடம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து, படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து வைக்கிற சனத்தைப் பார்த்துப் பார்த்து ஊறிய இளக்காரம் அது. ஓய்வு பெற்றபோது மேசையை அங்கேயே விட்டுவிட்டு இளக்காரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பத்துமணிப் பூவின் விதை வெறும் தூள். அதை மணலோடு கலந்து, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டில் தூவி, தட்டைத் தண்ணீர்ப் பேசினில் வைத்து அடியிலிருந்து நனைப்பாள். கணவர் இராஜநாயகம் அந்தப் பக்கம் நின்று தும்மினால்கூட ஏச்சு விழும். முளைத்த நாற்றுகளை ஆறு தொங்கு சட்டிகளுக்கு மாற்றி விறாந்தையில் கட்டினாள். அவற்றில் ஒரு நகம் பட விடவில்லை. கொடிகள் கீழே இறங்க இறங்கத் தையல் நாடாவால் அளந்து பார்த்தாள். நீளம் இருந்தது உண்மைதான். சட்டிக்குக் கயிறு மாதிரி ஐந்தாறு கொடி, கொடியின் நுனியில் ஒரு பூ. அதைச் சொல்ல இராஜநாயகத்துக்குத் துணிவு வரவில்லை.

இத்தனை பாடும் பங்குக் கோயில் திருநாளுக்காக. வருடா வருடம் மாதர் சங்கத் தலைவி தினுஷா கோயில் முகப்பில் பிளாஸ்ரிக் பூக்களைத் தொங்கவிடுவாள். திருநாள் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி அலுமாரிக்குள் வைப்பாள். கடவுளுக்குக் கழுவின பூவா என்று கிறேஸ் ஒரு கூட்டத்தில் எழும்பிக் கேட்டுவிட்டாள். அப்படியென்றால் இந்த முறை உங்கள் சட்டிகளே தொங்கட்டும், முந்தின நாள் வந்து பார்ப்பேன், சரியில்லாவிட்டால் பழையபடி தினுஷாவின் பூக்கள்தான் என்று பங்குச் சுவாமி தீர்ப்புச் சொன்னார். சங்கம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

திருநாளுக்கு மூன்று கிழமை இருக்கையில் கூட்டுச் செபமாலைக்குக் கிறேஸ் வீட்டு முறை வந்தது. தினுஷா உட்படப் பதினான்கு பெண்கள் வந்தார்கள், செபித்தார்கள், தேத்தண்ணீரும் பற்றீசும் முடித்தார்கள். கிறேஸ் கோப்பைகளோடு குசினிக்குள் போய்த் திரும்புவதற்குள் எல்லாரும் வெகு அடக்கமாகப் படலையைக் கடந்துவிட்டார்கள். விறாந்தையில் ஆறு சட்டியும் மொட்டை.

"செபமாலை உருட்டின கையாலயே முறிச்சுக்கொண்டு போயிருக்கிறாளுகள்," என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதாள். இனிப் பிளாஸ்ரிக் பூவுக்குக் கீழே நின்றுதான் பூசை காணவேண்டும். மறுநாள் தொடக்கம் சட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இராஜநாயகம்தான் தண்ணீர் ஊற்றினார்.

பத்து நாளில் முறிந்த இடமெல்லாம் மூன்று நான்கு கிளை விட்டது. திருநாளுக்கு முந்தின நாள் சுவாமி வந்தபோது சட்டியே தெரியாத அளவுக்கு மொட்டு. சுவாமி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அவற்றை ஏற்றிப் போனார். கிறேஸுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மாதக்கணக்காக நகம் படாமல் காத்துத் தான் கெடுத்து வைத்திருந்ததைப் பதினான்கு கள்ளிகள் ஒரு பின்னேரத்தில் திருத்திவிட்டார்கள். கள்ளிகளை மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது?

திருநாளன்று பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வெயில் ஏறி, முகப்பெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக விரிந்திருந்தது. இது எப்படி வந்தது என்று சுவாமி எல்லாருக்கும் முன்னால் கேட்டார். மாதர் சங்கம் நிலத்தைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் பெருமை அவர்களுக்குப் போய்விடும்.

"நுனியைக் கிள்ளிவிட வேணும், சுவாமி. நேரம் பார்த்துக் கிள்ள வேணும்," என்றாள் கிறேஸ்.

தினுஷா தலையை நிமிர்த்தினாள். "ஓம் சுவாமி. அக்கா சொல்லித்தானே செபமாலையண்டைக்கு நாங்கள் எல்லாரும் கிள்ளினனாங்கள். கிள்ளினதையும் அக்கா எங்களுக்கே தந்தவ."

இப்படியல்லவா ஒரு சங்கம் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்று சுவாமி மகிழ்ந்துபோனார். பதினான்கு பேரும் கிறேஸைப் பார்த்தார்கள். மறுக்க வாய் திறந்தால் தன் பொய்யும் சேர்ந்து வெளியே வரும்.

"ஓம்," என்றாள் கிறேஸ். அங்கே நின்றவர்களில் ஒருத்தியைக்கூட அன்றைக்குத் தன்னைவிட மட்டமாக நினைக்க அவளால் முடியவில்லை.