வலது இறக்கைக்கு நான் போகவில்லை

அண்ணனுடைய அச்சுக்கட்டை எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் ஜன்னலில் எப்போதும் ஈரத்துணி சுற்றிக் கிடக்கும். அவன் வீட்டில் செய்துகொண்டிருந்த பொம்மை விமானத்தின் இறக்கை எப்படி வளைந்திருக்க வேண்டுமோ, அதே வளைவில் அவன் இழைத்த கட்டை. பால்சா என்கிற லேசான மரத்தின் மெல்லிய பலகையை வெந்நீரில் ஊறவைத்து, அதன்மேல் வளைத்து, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவான். இரண்டு நாள் காய்ந்தபின் அவிழ்த்தால் பலகை அந்த வளைவிலேயே நிற்கும். அதுதான் இறக்கைக்குத் தோல். அப்பாவும் அம்மாவும் போனபின் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் பாக்டரியில் ஃபிட்டர். நான் பாடியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எண்பதுகளின் கடைசி. எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

தோலை ஒட்டுவதற்கு மட்டும் அவனுக்கு நான் வேண்டும். இறக்கையின் எலும்புச் சட்டத்தில் பசை தடவித் தோலை வைத்ததும், முன்விளிம்பை ஒருவர், பின்விளிம்பை ஒருவர் மேசையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பசை இறுகுமுன் கை எடுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அப்புறம் நிமிர்த்த முடியாது. இடது இறக்கையை முதல்முறை ஒட்டிக்கொண்டிருந்தபோது பாக்டரி சங்கு ஊதியது. பிறந்ததிலிருந்து அந்தச் சங்குக்கு எழுந்து பழகியவர்கள் நாங்கள். இருவரும் ஒரே சமயத்தில் கையை எடுத்துவிட்டோம். இறக்கை பொரித்த அப்பளம்போல் கோணிக்கொண்டது.

“சனியன் புடிச்ச சங்கு!” என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மறுவாரம் சங்கு ஊதி முடிந்தபின் ஆரம்பித்து, சரியாக ஒட்டினோம். பசை இறுகி வெகுநேரம் ஆன பிறகும், “கைய எடுக்காதம்மா, இன்னும் கொஞ்ச நேரம் இரு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த வருடமே எனக்குக் கல்யாணமாகித் திருநின்றவூர் போனேன். ரயிலில் அரைமணிகூட ஆகாது. மூன்றாம் மாதம் ஒரு கார்டு வந்தது. ‘வலது இறக்கைக்குத் தோல் காய்ந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பேன்.’ வா என்று எழுதவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கோ கோபம்தான் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. விளையாட்டுச் சாமானுக்கு என் இரண்டு கை வேண்டுமாக்கும்! போகவில்லை. பதிலும் போடவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது விமானம் முழுசாக மேசைமேல் நின்றது. அவன் பார்ப்பதுபோலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு வலது இறக்கையின் விளிம்பைப் பார்த்தேன். கோணல் தேடினேன் என்பதுதான் உண்மை. மயிரிழைகூட இல்லை.

“யாருண்ணா புடிச்சாங்க?”

“யாரும் இல்லம்மா. சைக்கிள் டியூப கிழிச்சி, எறக்கைய ஒரு தட்டைப் பலகையோட வச்சி சுத்திக் கட்டிட்டேன். ஆள் இல்லாமலே ஆவுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா உனக்கு லெட்டர் போட்டு தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்.”

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என் சிரமத்தை நினைத்துத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறக்கை துளி கோணியிருந்தால்கூட, பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம் வா என்று அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்றும் அவன் தனியாகத்தான் இருக்கிறான். வாரம் தவறாமல் நான்தான் போன் செய்கிறேன். “ஏதாவது வேணுமாண்ணா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

“ஒண்ணும் வேணாம்மா. எல்லாம் நானே பாத்துக்குறேன்.”