ஆம்புலன்ஸ் துடைத்த துணி

என் மேசை இழுப்பறையில், மின்சாரம் சோதிக்கிற மீட்டருக்கு அடியில், மடித்துவைத்த ஒரு துணி இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பிலிருந்து கிழித்து, கையால் ஓரம் தைத்தது. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது தங்கவயல் சயனைடு மேட்டு மண்ணின் சாம்பல் நிறம். விரித்தால் அப்பளம்போல் விறைத்து நிற்கும். பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் அது மேசை துடைக்கிற துணி என்று நினைக்கிறார்கள். நான் திருத்தியதில்லை.

அது ஆம்புலன்ஸ் மாமாவுடையது. சொந்த மாமா அல்ல. தங்கவயல் ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தவர், அப்பாவின் சிநேகிதர், சுரங்க ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டியவர். அந்த வண்டி யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடி, பிறகு பெட்ரோலுக்கு மாற்றப்பட்டது. வாயுக்கலனைத் தாங்கிய இரும்புச் சட்டம் அப்போதும் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் காற்றடித்தால் பொன் எடுத்த பிறகு மிஞ்சிய பொடி மண் மேட்டிலிருந்து கிளம்பிவந்து சோற்றுப் பானைவரைக்கும் படியும். மாமா அதை வண்டியில் படிய விட்டதில்லை. தினமும் காலையில் வாளித் தண்ணீரும் இந்தத் துணியுமாக நிற்பார். பானெட்டைத் தூக்கி இன்ஜினையும் துடைப்பார். “இவ்ளோ பளபளன்னு வச்சிக்கினா அடிபடாதவனுக்கும் ஏற ஆச வருண்டா” என்று அப்பா கேலி செய்வார். “நீ ஏறவே வாணாம், போடா” என்பார் மாமா.

அப்பா ஏறினார். காலை ஷிப்டு இறங்கிய சிறிது நேரத்தில் கீழே பாறை வெடித்தது. ஆள் ஏற்றி இறக்கும் கேஜில் மேலே கொண்டுவந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. பேசினார் என்றும் சொன்னார்கள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு கிளம்பி, சயனைடு மேட்டை ஒட்டிய ஏற்றத்தில் இருமத் தொடங்கியது; பாதியில் நின்றது. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகி ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்போது நான் பெங்களூரில் டிப்ளமா முடித்து, சுரங்கத்தின் எலெக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பில் சோதனைப் பிரிவில் இருந்தேன். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது வண்டி கராஜில் நின்றிருந்தது. ஃபோர்மன் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். நானே பார்க்கிறேன் என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அதைப் பற்றி லைனில் பேசிக்கொண்டார்கள் என்பது தெரியும். சோதிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட வந்தது, அதைச் செய்தேன்.

இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பிளக் ஆறையும் கழற்றினேன், சுத்தமாக இருந்தன. பாயிண்ட் இடைவெளி சரி. கண்டன்சர் சரி. காயில் சூட்டிலும் குளிரிலும் சரி. வாயுவுக்காக முன்தள்ளி வைத்த பொறி டைமிங்கை யாரும் பெட்ரோலுக்கு மாற்றாமல் விட்டிருப்பார்களோ என்று பார்த்தேன், மாற்றியிருந்தார்கள். ஏற்றத்தில் நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவைகூட இன்ஜின் திக்கி மிஸ்ஸிங் அடிக்கவில்லை. “கரி தின்னு வளந்த வண்டிம்மா, பெட்ரோல் குடின்னா இருமத்தான் செய்யும்” என்று ஃபோர்மன் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பட்டியலில் எல்லா வரிக்கும் டிக் விழுந்துவிட்டது. அன்று காலை என்ன நடந்தது என்ற வரியை நான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமாவை வரச்சொன்னேன். அப்பா அடிபட்ட அன்றைக்குச் செய்ததையெல்லாம் அதே வரிசையில் செய்யுங்கள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வாளியை நிரப்பினார். கண்ணாடி, கதவு, மட்கார்டு. பிறகு பானெட்டைத் தூக்கி, துணியை நனைத்துப் பிழிந்து, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். குழந்தைக்குக் காது துடைப்பதுபோல. “தொடச்சி முடிக்கறதுக்குள்ள போன் வந்துடுச்சி. அப்டியே மூடிட்டு ஓடினேன்” என்றார்.

கராஜ் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கினேன். இன்ஜினைக் கிளப்பி வேகம் கூட்டச் சொன்னேன். அது இருமியது. மூடியின் மேல் நீல நிறத்தில் பொறிகள் எறும்புபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. துணியில் ஊறிய மேட்டு மண்ணில் உப்பு உண்டு. ஈரம் பட்டால் அது மின்சாரத்துக்கு வழிவிடும். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். ஏற்றத்தில் சுமை கூடும்போது பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியே கசிந்துவிடும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் ஒரு தடயமும் இருக்காது. மற்ற நாட்களில் துடைத்து வெகுநேரம் கழித்தே போன் வந்தது. மாமா இறங்கி வந்து, குனிந்து, அந்த நீலத்தைப் பார்த்தார். நான் இன்ஜினை அணைத்தேன்.

“தூசி, மாமா” என்றேன்.

அவர் வாளி விளிம்பில் கிடந்த ஈரத் துணியைப் பார்த்தார்.

அறிக்கையில், மேட்டுத் தூசியும் அதிகாலை மூடுபனியின் ஈரமும் காரணம் என்று எழுதினேன். அன்று மூடுபனி இருந்தது உண்மை. வேலையில் நான் எழுதிய ஒரே தவறான வரி அதுதான். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆபீஸ் கிளார்க்கிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே படுத்திருந்தாள்.

“பனின்னு எழுதிட்டியாமே, பாப்பா.”

“பனி இருந்திச்சில்ல மாமா.”

“பனி பானெட்டுக்குள்ள பூந்து வயரு வயரா தொடைக்குமா? உங்கப்பனுக்கு நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியணும். நீ பனி மேல போடாத.”

கையிலிருந்த துணியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவரே சுரங்க சூப்பரின்டெண்டென்ட்டிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவரை ஆம்புலன்ஸிலிருந்து எடுத்து, சாமான் ஏற்றும் ஸ்டோர் லாரிக்குப் போட்டார்கள். அந்தக் கால் மணி நேரம் அப்பாவைக் காப்பாற்றியிருக்குமா என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போனேன். கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பெங்களூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது துணியையும் எடுத்துக்கொண்டேன். பங்காருபேட்டையில் ரயில் மாறும்போது, சொல்லவேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஸ்டோர் லாரி லைன் முனையில் நின்றிருந்தது. கண்ணாடியில் டிரைவர் பார்க்கிற அளவுக்கு ஒரு கை அகலம் தவிர, முழுக்கச் சாம்பல் மண். பக்கவாட்டில் யாரோ விரலால் பெயர் எழுதியிருந்தார்கள். மாமா உள்ளே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

தாளில் இருந்த மற்ற வரிகள் வரவில்லை. துணியை நீட்டி, “காஞ்ச துணியில தொடைக்கலாம், மாமா” என்றேன்.

அவர் அதைப் பார்த்தார். வாங்கவில்லை. “தெரியும் பாப்பா” என்றார். பிறகு, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

துணியை அதே மடிப்பில் கொண்டுவந்து, மீட்டருக்கு அடியில் வைத்தேன்.